நாற்பது வாரக் கணக்கை மறந்துவிடுங்கள்: ஒரே சூலில் மூன்று பிள்ளைகளை எதிர்பார்க்கும் தகப்பனுக்கு

மனைவியின் வயிற்றில் மூன்று கரு இருப்பதாகத் தெரிந்துகொண்ட தகப்பன் முதலில் மறக்க வேண்டியது பத்து மாதக் கணக்கை. ஒற்றைப் பிள்ளைக்கு 40 வாரம் என்றால், மூன்று பிள்ளைகள் சராசரியாக 32, 33 வாரங்களிலேயே பிறந்துவிடுகின்றன. அதற்கு முன்பே பிறப்பவையும் உண்டு. எல்லாம் நல்லபடியாக இருந்தாலும்கூட 35 வாரங்களைத் தாண்டி மருத்துவர்கள் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. ஆகவே பணம், வாகனம், ரத்தம், வளைகாப்பு, வாடகை வீடு என எதுவானாலும் 28ஆம் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. மற்றவை எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவைதாம்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே உள்ளது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர் வேலை. காலையும் மாலையும் வயல். திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்து, கருமுட்டை வளர்ச்சிக்கு மாத்திரை எடுத்துக்கொண்ட மூன்றாவது மாதத்தில் என் மனைவி கருவுற்றாள். இயற்கையாக மூன்று கரு அமைவது பல ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று; கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல் என்பதைச் சிகிச்சை தொடங்கும்போதே சொல்லியிருந்தார்கள். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு ஆண்டுகள் ஒன்றுக்கே ஏங்கியவர்களிடம் மூன்று வரலாம் என்று எச்சரித்தால் அது எச்சரிக்கையாகவா கேட்கும்?

முதல் வேலை: நஞ்சுக்கொடி எத்தனை என்று எழுதி வாங்குவது

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டார்கள். திரையில் கருப்பாக மூன்று குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பயறு அளவுக்கு வெளுப்பு, அதற்குள் துடிப்பு. மருத்துவர் கருவியை நகர்த்தி இரண்டாவது முறையும் எண்ணிக் காட்டினார். அந்த நேரத்தில் மகிழவோ பயப்படவோ யாருக்கும் தோன்றாது. வாய்தான் வறண்டு போகும். ஆனால் அந்த அறையை விட்டு வெளியேறும் முன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட வேண்டும்: மூன்று குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடியா, அல்லது இரண்டோ மூன்றோ பங்கிட்டுக்கொள்கின்றனவா?

இது ஏன் முக்கியம் என்றால், தனித்தனி நஞ்சுக்கொடி இருக்கும் கருக்களுக்கு ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஒரே நஞ்சுக்கொடியை இரண்டு கருக்கள் பங்கிட்டால், ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்கு மிகுதியாகப் போய், ஒரு குழந்தை தேய, மறு குழந்தை வீங்கும் நிலை ஏற்படக்கூடும். அப்படிப்பட்ட கர்ப்பத்துக்கு 16ஆம் வாரத்திலிருந்தே இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை ஸ்கேன் தேவைப்படும். நஞ்சுக்கொடி எத்தனை என்பதைத் தெளிவாகச் சொல்ல ஏற்ற காலம் 11 முதல் 14 வாரம் வரை. அதன்பின் கருக்கள் வளர்ந்து நெருங்கிவிடுவதால் சவ்வுகளைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. நாங்கள் முதலில் போன ஸ்கேன் மையத்தில் ‘மூன்று கரு, மூன்றுக்கும் இதயத் துடிப்பு உண்டு’ என்று மட்டுமே எழுதித் தந்தார்கள். பெரிய மருத்துவமனையில் அதை நீட்டியபோது, ‘இது போதாது, திரும்ப எடுக்க வேண்டும்’ என்றார்கள். நல்லவேளையாக 13ஆம் வாரம் முடியவில்லை. மூன்றும் தனித்தனி என்று வந்தது.

அறிக்கையில் குழந்தைகளை ஏ, பி, சி என்று குறிப்பார்கள். கருப்பை வாய்க்கு அருகில் இருப்பது ஏ. எங்கள் வீட்டில் அது வேறு பெயராகிவிட்டது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு அணையில் வெண்ணாறு மூன்று ஆறுகளாகப் பிரிகிறது. செய்தி கேட்ட என் சின்னத்தாத்தா, ‘தலைப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தா இப்படித்தான்டா’ என்று சிரித்தார். அன்றிலிருந்து வயிற்றில் இருந்தவை வெண்ணாறு, கோரையாறு, பாமணி. ஆணா பெண்ணா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதிலாகப் பயன்பட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினம் கேட்பதும் சொல்வதும் குற்றம் என்பது தெரிந்தும், மூன்று என்றவுடன் உறவினருக்கு அந்த ஆவல் மும்மடங்காகிவிடுகிறது.

இருவர் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய ஒன்று

12ஆம் வாரத்தையொட்டி மருத்துவர் ஒரு பேச்சை எடுக்கக்கூடும்: மூன்று கருவில் ஒன்றைக் குறைத்து இரண்டாக்குவது. தாயின் உடல்நிலை, முன்பு நடந்த அறுவைச் சிகிச்சை, நஞ்சுக்கொடியின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து இந்த யோசனை வரும். இரண்டாகக் குறைத்தால் பிரசவம் சில வாரங்கள் தள்ளிப் போக வாய்ப்பு உண்டு. அதே வேளையில் அச்செயல்முறையால் மற்றக் கருக்களும் கலையும் ஆபத்து சிறிதளவு இருக்கிறது. இதில் சரி, தவறு என்று மூன்றாம் மனிதர் சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் வேண்டாம் என்றோம். சரி என்று முடிவெடுத்துச் செய்துகொண்டவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களைப் பற்றி எனக்கு மதிப்புக் குறையவில்லை. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்தப் பேச்சு வந்ததை எந்த உறவினரிடமும் சொல்லாதீர்கள். முடிவு எதுவானாலும் பின்னாளில் ஒரு சண்டையில் அது அவள் தலையில்தான் விழும்.

பதிவும் பணமும்

கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். பன்னிரண்டு இலக்கம் கொண்ட இந்த எண் பிறப்புச் சான்றிதழ் வரை கேட்கப்படும். தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது தேவை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ள தாய்மாருக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் தவணைகளாகக் கிடைக்கிறது. அதற்கும் இந்த எண்தான் வாசல். தாய் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், கணக்கில் இன்னொரு பெயர் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். சங்கத்தில் உட்கார்ந்து நாள்தோறும் பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன், ஒரு முதலெழுத்து வேறுபாட்டுக்காக ஆறு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

பணக் கணக்கை இப்படிப் போடுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவச் செலவு எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அதை மூன்றால் பெருக்கி, வரும் தொகையை முப்பதால் பெருக்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்த இரவில்தான் எனக்கு முதன்முதலாகத் தூக்கம் போனது. அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், பிறந்து ஓராண்டு வரை நோயுற்ற குழந்தைக்கான சிகிச்சையும் கட்டணமில்லாதவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், நீங்கள் போகும் மருத்துவமனையில், உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு அது செல்லுமா என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நகையை அடகு வைப்பதானாலும் கேட்ட பிறகு வையுங்கள்.

மருத்துவமனையைத் தேர்வது

நம் பகுதியில் பிரசவ மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று குறைமாதக் குழந்தைகளை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. கேட்க வேண்டியவை: ஒரே நேரத்தில் மூன்று இன்குபேட்டர்களும், மூச்சுக்கருவிகளும் ஒதுக்க முடியுமா? பச்சிளம் குழந்தை மருத்துவர் இரவிலும் இருப்பாரா? ரத்த வங்கி வளாகத்துக்குள்ளேயே உள்ளதா? தாய் ஓர் இடத்திலும் குழந்தைகள் வேறு இடத்திலுமாகப் பிரிக்கப்படுவார்களா? கடைசிக் கேள்வியை நான் கேட்கத் தவறியிருப்பேன். செவிலியர்தான், ‘தம்பி, புள்ளைய ஒரு ஊருக்கு அனுப்பிட்டு தாய் ஒரு ஊருல கெடந்தா பாலே இறங்காது, அதக் கேட்டுக்குங்க’ என்று சொல்லி அனுப்பினார். தஞ்சாவூரில் இராசா மிராசுதார் மருத்துவமனை மகப்பேற்றுக்கும் குழந்தை நலத்துக்கும் பெயர் பெற்றது. திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. தனியாரிடம் காட்டிக்கொண்டிருந்தாலும், இவற்றில் ஒன்றில் ஒருமுறை காட்டி, அங்கேயும் ஒரு சீட்டுப் போட்டு வைத்திருப்பது நல்லது. நள்ளிரவில் அனுப்பி வைக்கப்பட்டால், முன்பின் தெரியாதவராகப் போய் நிற்க வேண்டியிருக்காது.

சாலையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

இதைப் படித்துச் சிலர் சிரிக்கக்கூடும். ஆயினும் இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு வழிகள். நீடாமங்கலம், அம்மாபேட்டை வழி ஒன்று. மன்னார்குடி, வடுவூர் வழி இன்னொன்று. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இப்பக்கத்து மக்கள் எல்லோருக்கும் தெரியும். சரி, வடுவூர் வழியில் போகலாம் என்று எண்ணி, 22ஆம் வாரத்தில் ஒரு மாலை நண்பரின் காரை எடுத்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து ஓட்டினேன். குறுவை அறுவடைக் காலம். சாலையின் பாதி அகலத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கருங்கல்லும் மரக்கிளையும் வைத்து மறித்திருந்தார்கள். எதிரே டிராக்டர், பின்னால் அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, ஒரு கூடையை மட்டும் நகர்த்தி வழி விட்டார். நானும் எத்தனையோ முறை இதே சாலையில் நெல் காய வைத்தவன்தான். இத்தனை ஆண்டுகளில் அதை ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் கண்ணால் பார்த்தது அன்றுதான் முதல் முறை. முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அன்றிரவே கணக்குப் போட்டேன். சித்திரை நடுவில் தொடங்கிய கர்ப்பத்துக்கு 28ஆம் வாரம் ஐப்பசியில் வரும், 32ஆம் வாரம் கார்த்திகையில் வரும். வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் உடைந்து தரைப்பாலம் மூழ்குகிற மாதங்கள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது மரம் விழாத சாலையே இல்லாமல் ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே 27ஆம் வாரத்தில் தஞ்சாவூரில் மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டை மூன்று மாத வாடகைக்குப் பிடித்தோம். தாழடிப் பயிரை விட்டுவிட்டு வந்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது; தம்பி பார்த்துக்கொண்டான்.

இங்குதான் பெண் வீட்டாரோடு பேச வேண்டியிருந்தது. ‘தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே மாப்பிள்ளை? ஊரு என்ன சொல்லும்?’ என்று அத்தை கேட்டார். அவர்கள் ஊரிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரம். நான் வாதாடவில்லை, மருத்துவரிடம் அவரையே அழைத்துச் சென்றேன். ‘அம்மா, நீங்க பொண்ணுகூட வந்து இருந்தீங்கன்னா எந்த வீடானாலும் அது தாய் வீடுதான்’ என்றார் மருத்துவர். அத்தை தன் சமையல் பாத்திரங்களோடு தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். மனைவியின் தாயோடு ஓர் அறை வீட்டில் எட்டு வாரம் இருப்பது மாப்பிள்ளைக்குச் சங்கடந்தான். நான் பகலில் வெளியிலேயே இருந்தேன்.

வளைகாப்பு, உணவு, மாத்திரை

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு என்று குறித்தால் ஏழாம் மாதம் ஆபத்தான நேரம், ஒன்பதாம் மாதம் வரவே வராது. ஐந்தாம் மாதத்தில் பூச்சூட்டலோடு சேர்த்து வீட்டளவில் முடித்துவிடுங்கள். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்து ஊரையே நலங்கு வைக்க விடாதீர்கள்; நாங்கள் பதினோரு பேரோடு முக்கால் மணி நேரத்தில் முடித்தோம், ஏழு வகைச் சோறு மட்டும் குறையவில்லை.

வயிறு மேலேறி இரைப்பையை அழுத்துவதால், மூன்று வேளைச் சாப்பாடு இறங்காது. ஆறேழு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். முட்டை, மீன், பயறு, முருங்கைக் கீரை, கேழ்வரகு போன்றவை நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளவைதாம். ரத்தசோகை இவர்களுக்கு எளிதில் வரும் என்பதால் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடக் கூடாது. காபி, டீயோடு அதைக் கொடுத்தால் உடலில் சேருவது குறைந்துவிடும். மாத்திரை செரிக்காமல் வாந்தியானால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசியாக ஏற்ற வழி உண்டு. சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். முழுநேரமும் படுத்தே கிடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிக் கிடப்பதால் பிரசவம் தள்ளிப் போவதாக நிறுவப்படவில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துத்தான் கூடுகிறது. ஓய்வு வேண்டும், சிறை வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னதை நான் கதவில் எழுதி ஒட்டினேன். ஏனென்றால் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி, நாளுக்கு இருமுறை பார்த்து நோட்டில் எழுதி வைப்பது தகப்பனின் வேலையாக இருக்கட்டும். 140க்கு 90 என்ற அளவைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. நெற்றியைப் பிளக்கும் தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், நீர் கசிவு, உதிரம், விட்டுவிட்டு வயிறு இறுகுதல், அசைவு குறைதல், உள்ளங்கை உள்ளங்காலில் ஓயாத அரிப்பு ஆகிய எதுவானாலும், ‘விடியட்டும் பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. 108ஐக் கூப்பிடுங்கள்.

சீக்கிரம் போய்ச் சேர வேண்டியதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கப் போவதாகத் தெரிந்தால், குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். டெக்ஸாமெத்தசோன் என்றால் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள். அதன் முழுப் பயன் கிடைக்க ஏறத்தாழ இரண்டு நாள் வேண்டும். வலி எடுத்து ஆறு மணி நேரம் வீட்டில் கழித்துவிட்டுப் போனால், அந்த ஆறு மணி நேரம் மூன்று நுரையீரல்களின் கணக்கிலிருந்து கழிகிறது. எங்களுக்கு 31ஆம் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு நீர் கசிந்தது. ஒன்பதே காலுக்கு வார்டில் இருந்தோம். வெளியே அடைமழை. நான்கு ஊசிகளும் போட்டு முடித்த மறுநாள் அறுவைச் சிகிச்சை நடந்தது.

‘ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது’ என்று ஒரு பேச்சு நம் வீடுகளில் உண்டு. மருத்துவத்தில் அதற்கு அடிப்படை இல்லை. ஒவ்வொரு வாரம் கூடக்கூட நுரையீரலும் மூளையும் தேறும். எட்டாம் மாதம் வந்துவிட்டதே என்று மனைவியின் காதுபட யாராவது பெருமூச்சு விட்டால், மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

பிரசவ நாள்

மூன்று குழந்தைகளால் விரிந்த கருப்பை, பிரசவத்துக்குப் பின் உடனே சுருங்காமல் உதிரப்போக்கு அதிகமாகலாம். அவளது ரத்த வகையைச் சேர்ந்த நான்கு பேரின் பெயரையும் எண்ணையும் 28ஆம் வாரத்திலேயே எழுதி வையுங்கள். அவர்களில் இருவராவது தஞ்சாவூரிலேயே இருப்பவர்களாக இருக்கட்டும். எங்களுக்கு இரண்டு பாட்டில் தேவைப்பட்டது.

குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் வெளியே வரும்போது யாரும் உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். மூடிய வண்டியில் உங்களைக் கடந்து ஓடிப் போவார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது, கையில் கட்டிய அடையாளப் பட்டையில் தாயின் பெயரும் வரிசை எண்ணும் சரியாக உள்ளனவா, பிறந்த நேரமும் எடையும் எழுதப்பட்டனவா என்று பார்ப்பதுதான். பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் உண்டு. மூன்று சான்றிதழ்களிலும் நேரம் வேறு வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பிள்ளைகள் 1,620, 1,480, 1,240 கிராம். முதல் இரண்டும் பெண், கடைசி பையன்.

இன்குபேட்டர் நாட்கள்

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒருங்கே செய்யத் தெரியாது. ஆகவே முதலில் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையிலும், அதன்பின் நேரடியாகவும் பால் கொடுப்பார்கள். பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த பாலாடையை நாம் பழையது என்று ஒதுக்கியிருப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் அதே வடிவப் பாலாடையை வெந்நீரில் போட்டு எடுத்தபோது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தாய்ப்பாலைப் பிழிந்து எடுக்க முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும், இரண்டு மில்லி வந்தாலும் எடுத்துப் போக வேண்டும். போதாவிட்டால் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி உள்ளது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெருவில் கழுதைப்பால் சங்கு விற்று வருபவரிடமும் இதே பிடிவாதம் வேண்டும்.

குழந்தையின் நிலை சீரானதும் கங்காரு பராமரிப்பு தொடங்குவார்கள். 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது: குழந்தையை வெற்று மார்பில் நிமிர்த்தி ஒட்டி வைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. தகப்பனும் இதைச் செய்யலாம். எனக்கும் இடம் உண்டா என்று நானே கேட்ட பின்தான் அனுமதித்தார்கள். குளித்து, சட்டையைக் கழற்றிச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபோது, கடைக்குட்டியை என் மார்பில் வைத்தார்கள். ஒரு சிட்டுக்குருவியின் கனம். அவனுடைய காது என் விரல் நுனியைவிடச் சிறிதாக, எலும்பே இல்லாதது போல மடிந்திருந்தது. நான் மூச்சை ஆழமாக இழுத்தால் அவனும் மேலேறினான். மூன்று குழந்தைகள், தாய் ஒருத்தி. அவளால் ஒரு நேரத்தில் இருவருக்குமேல் முடியாது. இந்தக் கணக்கில் தகப்பன் மார்பு உபரி அல்ல, தேவை.

வீட்டுக்கு அனுப்புமுன் விழித்திரைப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த முப்பது நாளுக்குள் கண் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. நாள் தவறினால் பார்வையே போகக்கூடும். தடுப்பூசிகள் பெரும்பாலும் பிறந்த நாள் கணக்கில் போடப்படும். ஆனால் தலை நிற்பது, குப்புறப் படுப்பது போன்றவற்றைக் குறைந்த வாரங்களைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்குவதற்கு இதிலேயே பாதி மருந்து இருக்கிறது.

வீட்டு உத்திரத்தில் மூன்று தூளி கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எங்கள் அம்மா மூன்று பழைய பட்டுப்புடவைகளை எடுத்து வைத்திருந்தார். குறைமாதக் குழந்தை தூளியில் வளைந்து கிடந்தால் தாடை மார்பில் முட்டி மூச்சு அடைபடலாம் என்பதால், முதல் சில மாதங்கள் சமதளத்தில், மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. புடவைகள் ஐந்து மாதம் கழித்துப் பயன்பட்டன.

மூவரும் ஒரே நாளில் வீட்டுக்கு வருவார்கள் என்று எண்ணி ஆரத்திக்கு நாள் குறிக்காதீர்கள். பெண்கள் இருவரும் 24 நாளில் வந்துவிட்டார்கள். பையன் எடை ஏறாமல் அங்கேயே இருந்தான். நாங்களும் வாடகை வீட்டிலேயே இருந்தோம். அவள் இருவருக்குப் பால் கொடுத்துவிட்டு மூன்றாமவனுக்குப் பிழிந்து தர, நான் காலையும் மாலையும் கொண்டு போனேன். இரண்டு மணிக்கு ஒரு முறை பால் என்றால் நாளுக்கு ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டு, மூவருக்கு முப்பத்தாறு. யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தோம் என்பதை நினைவில் வைக்க ஒருவராலும் முடியாது. சங்கத்துப் பேரேடு போல ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி கோடிட்டு, தலைப்பில் பெயர் எழுதிக் கயிற்றில் பேனாவையும் கட்டி வைத்துவிடுங்கள். எங்கள் நோட்டில் மூன்றாவது பத்தி பதினொரு நாள் வெறுமையாகக் கிடந்தது. மார்கழியில் ஒரு மாலை அத்தை அதில் தன் கையால் எழுதினார்: பாமணி, 6.10, பாலாடை, 20 மில்லி.